முகம் உடைத்த அச்சுகள்

எங்கள் ஊர்ப் பொம்மைக் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. தேய்ந்துபோன அச்சைக் குப்பையில் போடும் முன் அதன் முகத்தை உடைத்துவிடுவார்கள். வேறு எதையும் தொடமாட்டார்கள். கை, கால், இடுப்புக் குடம், புடவை மடிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். முகத்தில் மட்டும் சுத்தியால் ஒரு தட்டு. முழு அச்சு வெளியே போனால் பக்கத்துக் கம்பெனிக்காரன் எடுத்து மண் ஊற்றி அதே பொம்மையைச் சந்தைக்கு அனுப்பிவிடுவான். முகம் போன அச்சை யாரும் எடுக்கமாட்டார்கள்.

யாரும் எடுக்காததை நான் எடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது அதுதான்.

அச்சு என்றால் உள்ளே பள்ளமாக உருவம் பதிந்த வெள்ளைப் பிளாஸ்டர் கட்டி. முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டி, கரைத்த மண்ணை உள்ளே ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் சுவரில் ஒட்டி பொம்மையாக நிற்கும். நான் மண் ஊற்றுவதில்லை. முன்பாதியின் பள்ளத்தில் கறுப்பு மையைத் தேய்த்து, துணியால் துடைத்து, அதன்மேல் காகிதக் கூழை அழுத்துவேன். சிமெண்ட் சாக்குக் காகிதம், பழைய பேப்பர், கம்பெனிச் சாக்கடையில் படியும் வெள்ளை மண், எல்லாம் சேர்ந்த கூழ். காய்ந்ததும் உரித்தால் பொம்மை காகிதத்தில் புடைத்துக்கொண்டு வரும். மடிப்புகளில் மை தங்கியிருக்கும். சுத்தி பட்ட இடத்தில் இன்னும் அதிகமாகத் தங்கும். அதனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த ஜல்லி மாதிரி ஒரு கறுத்த புடைப்பு நிற்கும்.

இதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவதை விட்டேன். விட்டதற்கு ஒரு பெரிய காரணமும் கிடையாது. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் பீங்கானில் செய்யும் கரண்டு ஃப்யூஸ் கட்டை ஏற்றிக்கொண்டு ஈரோடு போன லாரியில் மூட்டையோடு மூட்டையாக ஏறிவிட்டேன். அப்புறம் திருப்பூரில் பனியனுக்குப் படம் அடித்தேன். சிவகாசியில் அச்சு மெஷினின் உருளைகளை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். பெங்களூரில் ஒரு ஓவியக் கல்லூரியில் பெருக்கும் வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் செப்புத் தகட்டை ஊசியால் கீறி, மை தேய்த்து, துடைத்து, ஈரக் காகிதம் வைத்து அழுத்துவார்கள். மையைத் தேய்த்த பிறகு துடைத்துவிடுகிறார்களே என்று முதல் நாள் நினைத்தேன். கீறலில் தங்கியது போதும் என்பது இரண்டாம் நாள் புரிந்தது. பசியும் இருந்தது, படுக்க இடம் இல்லாத நாட்களும் இருந்தன. கூட இருந்தவர்களுக்கும் அப்படித்தான் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எந்த ஊரிலும் நிலையாக இருக்க எனக்கு வராது. ஆனால் திரும்பி வரும்போதெல்லாம் அக்கா வீட்டுக்குத்தான் வருவேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரே அறை, முன்னால் தகரக் கொட்டாய். அக்கா சின்ன வயதிலிருந்து கம்பெனி வேலைக்குப் போகிறாள். ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில் இருக்கும் விளிம்பைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, அங்கங்கே அமுங்கிப்போனதை விரலால் ஏற்றிவிட வேண்டும். கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போனாள், சில வருஷத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தாள், மறுபடி ஃபினிஷிங் மேசைக்கே போனாள். இப்போது ஃப்யூஸ் கட்டை செய்யும் வேறொரு கம்பெனியில் இருக்கிறாள்.

என் முதல் முயற்சி அந்த ஃப்யூஸ் கட்டைகள்தான். கழித்துப் போட்ட கட்டைகளில் மை தடவி பழைய பனியன் துணியில் வரிசையாகக் குத்தினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அடுக்குமாடி வீட்டு ஜன்னல்கள் மாதிரி இருக்கும். அப்போது அது பெரிய விஷயமாகப் பட்டது. இப்போது யோசித்தால் சின்னப் பிள்ளைகள் வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டுக் குத்துவார்களே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இரண்டாவதை நல்ல வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மண் ஊற்றும் கொட்டகையின் வாசலில் ஒரு நனைந்த கறுப்புத் துணியை விரித்துப் போட்டேன். வேலைக்கு வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் அதன்மேல் நடந்தார்கள். வெள்ளை மண் ஒட்டிய பாதங்கள். ஒருவர் கால் மேல் இன்னொருவர் கால். குதிகால் வெடிப்புகூடப் பதிந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டுப் பசை வாங்கப் பாலக்கரை வரைக்கும் போய் வந்தேன். வந்து பார்த்தால் துணி சொட்டச் சொட்டத் தொங்குகிறது, ஒரு பாதம்கூட இல்லை.

“ஒரே அழுக்கா இருந்துதுடா, அலசிப் போட்டேன்” என்றாள் அக்கா.

“அது அழுக்கு இல்லக்கா, அதுதான் படம்.”

“ஊர்ல இருக்கறவன் காலு அழுக்கெல்லாம் படமா? நாளைக்கு என்னா கொண்டாருவ, மூக்கச் சிந்துன கைக்குட்டையா?”

மறுபடி செய்ய அந்தக் கம்பெனியில் விடவில்லை. துணி தடுக்கி யாரோ விழப் பார்த்தார்களாம்.

அதற்குப் பிறகுதான் அச்சுகள். மணிமுத்தாற்றங்கரையிலும் தொழிற்பேட்டையின் பின்பக்கப் பள்ளத்திலும் கொட்டிக் கிடந்ததைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். குடம் தூக்கிய பெண், ஏர் பிடித்த ஆள், மான், புல்லாங்குழல் பிடித்த கிருஷ்ணன். எல்லோருக்கும் முகத்தில் அடி. கொட்டாய் முழுக்க அடுக்கி வைத்தேன். தொழிற்பேட்டையில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. “மூஞ்சி ஒடைச்ச மோல்டு பொறுக்கறவரு” என்றால் போதும்.

இந்த வேலை எப்படியோ புதுச்சேரி வரைக்கும் போனது. பெங்களூரில் நான் பெருக்கிய கூடத்தில் படித்த ஒருவர் கைபேசியில் படம் பார்த்து, சென்னையில் கண்காட்சி வைக்கிற ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா காரில் வந்தார். கொட்டாயில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

“இவங்க யாருக்குமே முகம் இல்ல பாருங்க. உழைக்கிறவங்களுக்கு முகம் கிடையாதுங்கிறத எவ்வளவு அமைதியா சொல்லியிருக்கீங்க” என்றார்.

“அப்படி இல்லீங்க. கம்பெனியில ஒடைச்சிட்டுத்தான் வெளிய போடுவாங்க. பக்கத்து கம்பெனிக்காரன் காப்பியடிக்கக் கூடாதுன்னு.”

“அதேதான்! அதேதான் நானும் சொல்றேன்” என்று கைபேசியில் எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது ஒன்று, அவர் எழுதியது ஒன்று. புதுச்சேரியில் கண்காட்சி வைத்த பழைய மாடி வீட்டில், வாசல் சுவரில், ‘சந்தை உடைத்த முகங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே ஆங்கிலத்தில் நிறைய இருந்தது. நான் படித்த அளவுக்கு அதில் என் பெயரும் ஊர்ப் பெயரும்தான் புரிந்தது. வந்தவர்கள் புடைப்பைத் தொடாமல் தொடுவது மாதிரி விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஒரு செய்தித்தாளில் படத்தோடு வந்தது. முகமில்லாத பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் கலைஞர் என்று எழுதியிருந்தார்கள்.

அக்காவை வரச் சொல்லியிருந்தேன். லீவு போட்டுவிட்டு, கடலூர் போய் பஸ் மாறி வந்தாள். பவுடர், கனகாம்பரம், தீபாவளிப் புடவை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, தலையைச் சாய்த்து, விளிம்பு ஒழுங்காக இருக்கிறதா என்று கம்பெனியில் பார்ப்பது மாதிரியே பார்த்தாள்.

“என்னாடா, எல்லாருக்கும் அம்ம போட்ட மாதிரி வச்சிருக்கற?”

“மெதுவா பேசுக்கா.”

“மூஞ்சியோட ஒண்ணுகூட இல்லியா? அந்த ரூம்புல?”

“அங்கயும் இதேதான்.”

கண்காட்சி வைத்த அம்மா வந்து, இவர் யார் என்று கேட்டு, பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தவர் என்று தெரிந்ததும் கேமராவை எடுத்தார். அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, உதட்டை மூடி, நேராக நின்றாள். முன்பல் இரண்டு போனதிலிருந்து அப்படித்தான் நிற்பாள். “கையை மட்டும் இந்தப் படத்துக்குப் பக்கத்துல வைங்கம்மா” என்றார் அந்த அம்மா. கேமரா கீழே இறங்கியது. கையைப் படம் எடுத்தார். திருப்பி உள்ளங்கையை எடுத்தார். “ரொம்ப அழகான கை” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். அக்கா இன்னும் உதட்டை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ் குறிஞ்சிப்பாடி தாண்டியதும் அவள் கைகளை மடியில் விரித்துப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

“கைய எடுத்தா, பாத்தியா. பவுடரெல்லாம் வேஸ்ட்டு.”

“நல்லா இருக்குதுன்னுதான் எடுத்தாங்க.”

“என் கை அழகு எனக்குத் தெரியாதா. தண்ணியிலயே கெடந்து தவள தோலு மாதிரி ஆயிடுச்சி.” கொஞ்ச தூரம் போனதும், “எனக்குன்னு ஒரு போட்டா இல்லடா” என்றாள்.

“போன்ல எத்தன எடுத்திருக்கேன்.”

“அது இப்ப இருக்கற மூஞ்சி. ஆதார்ல இருக்கறது மூஞ்சியே இல்ல, அன்னிக்கி எனக்கு வந்த ஜொரம். நான் வயசுல எப்படி இருந்தேன்னு கேக்கறேன்.”

எங்கள் வீட்டில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. அவள் கல்யாண ஆல்பம் ஒன்று இருந்தது. அது புருஷன் வீட்டில். அவள் பையில் அதை வைக்கவில்லை, வைக்க விடவும் இல்லை.

“நீ இத்தன பேர போடறியே. ஒண்ணே ஒண்ணு மூஞ்சியோட போடு. என்னுத போடு.”

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. அவள் முகச்சாயலில் ஒரு பொம்மை உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் களிமண்ணில் புதுப் பொம்மைகளின் உருவம் செய்துகொடுக்க வந்திருந்தார். ஃபினிஷிங் மேசைக்கு எதிரில் அவருக்கு இடம். குடம் தூக்கிய பெண் ஒன்று செய்யச் சொல்லி முதலாளி கேட்டாராம். அவர் எதிரில் பார்த்தார், செய்தார். பொம்மை சூளையிலிருந்து வந்த அன்றைக்குக் கம்பெனி முழுக்கச் சிரிப்பு. ஃபினிஷிங்குக்கு அந்தப் பொம்மை வந்தால், “இந்தா, உன் மூஞ்சிய நீயே தொடைச்சுக்க” என்று அவள் முன்னால் தள்ளுவார்கள். அவளுக்கு அப்போது கோபம். வேகமாகத் துடைத்துத் தள்ளிவிடுவாள். நன்றாகப் பார்த்ததே இல்லை என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். “ஊரு பூரா ஷோகேசுல நிக்கறவதான நீ” என்று அவள் அங்கே இருந்த நாளெல்லாம் அவன் சொல்லிக் காட்டினான்.

அந்தப் பொம்மை இப்போது வருவதில்லை. ஆனால் முதல் அச்சு இருக்கும். களிமண் உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஊற்றி எடுக்கும் முதல் அச்சில் யாரும் பொம்மை ஊற்றமாட்டார்கள். அதிலிருந்துதான் மற்ற அச்சுகளைப் பிறப்பிப்பார்கள். அதனால் அது தேயாது, மூக்கு நுனிகூடக் கூர்மையாக இருக்கும். கம்பெனிகளில் அதைப் பரணில் வைத்துப் பூட்டுவார்கள்.

மறுநாளே அந்தக் கம்பெனிக்குப் போனேன். பழைய முதலாளியின் மகன்தான் இப்போது பார்க்கிறார். என்னைவிட இளையவர். ஃப்யூஸ் கட்டைக்குப் புது மெஷின் வரப்போவதால் பரணை இடிக்கும் யோசனையில் இருந்தார்.

“வாங்கண்ணா. பேப்பர்ல எல்லாம் வந்துட்டீங்க. நம்ம குப்பைய வச்சே பெரிய ஆளாயிட்டீங்க.”

விஷயத்தைச் சொன்னேன்.

“மூஞ்சியோட எந்த மோல்டும் கேட்டத் தாண்டாதுண்ணா. எங்கப்பா வச்ச சட்டம்.”

“அந்தப் பொம்மைய இப்ப யாரு வாங்கப் போறாங்க, சார். காப்பியடிச்சாலும் யாருக்கு விப்பான்?”

அவர் மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். “உங்க அக்கா இங்க எத்தன வருஷம் இருந்தாங்க. அவங்களுக்குன்னா எடுத்துக்குங்க. ஒடைக்காமத்தான் தரேன். யார்கிட்டயும் காட்டக் கூடாது. பரண் எறக்கறப்ப தனியா எடுத்து வைக்கச் சொல்றேன்.”

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். “குடுத்துட்டானா?” என்றாள் இரண்டு தடவை. அப்புறம் கூழை எப்படி வைக்கப் போகிறேன், மை எந்தக் கறுப்பு, மூக்கு நுனியில் காற்றுக் குமிழி வராமல் எப்படி அழுத்துவேன் என்று கேட்டுத் துளைத்தாள். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்விகள் அவை. மையை மட்டும் கொஞ்சமாகப் போடு, நான் அவ்வளவு கறுப்பு இல்லை என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. புதிதாகக் கூழ் ஊறவைத்தேன். சாக்கடை மண் வேண்டாம் என்று அவளே கம்பெனியிலிருந்து ஒரு தூக்கில் நல்ல மண் கொண்டுவந்தாள்.

பரண் இறக்கியதாகத் தகவல் வந்ததும் சைக்கிளில் போனேன். முதலாளி இல்லை. அச்சுக் கொட்டகையில் பல காலமாக வேலை பார்க்கும் பெரியவர்தான் இருந்தார். அக்காவோடு வேலை பார்த்தவர், நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார்.

“வா தம்பி. ஒன்னுத ரெடியா வச்சிருக்கேன். காலையில எடுத்துக்கினு போவான், தயாரா வையின்னு மொதலாளி சொன்னாரு.”

சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, மூலையில் வைத்திருந்தார். நீரால் கழுவித் துடைத்தும் வைத்திருந்தார். கயிற்றை அவரே அவிழ்த்தார். குடம், இடுப்பு வளைவு, தோளில் விழுந்த பின்னல், எல்லாம் நேற்றுச் செய்தது மாதிரி கூர்மை. முகத்தில் ஒரு குழி.

நான் குழியின் விளிம்பைத் தடவினேன். அவர் நான் ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

“ஒரே தட்டுதான் தம்பி. கழுத்துல விரிசல் வுடக்கூடாதுன்னு கீழ ஈரச் சாக்கு வச்சித் தட்டினேன். பாரு, வேற எங்கயும் ஒரு கீறல் கெடயாது.”

“யாரு ஒடைக்கச் சொன்னாங்க?”

“யாரு சொல்லணும்? வெளிய போற மோல்டு. கேட்டுல ஒன்ன நிறுத்தி வச்சிக் கேள்வி கேக்கக் கூடாது பாரு.” என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏன் தம்பி, மூஞ்சி இல்லாததத் தான நீ எடுத்துக்கினு போவ? பேப்பர்ல கூட அப்படித்தான போட்டிருந்தான். நான் படிச்சேன், எம் பேரன்கிட்டயும் காட்டினேன்.”

 ஒன்று மட்டும் கேட்டேன். “இது யாரோட மூஞ்சின்னு தெரியுமா ஒங்களுக்கு?”

தெரியும் என்று தலையாட்டினார். “ஒங்க அக்காவுது. அதனாலதான் வேற யார் கையிலயும் குடுக்காம நானே தட்டினேன்.”

உடைந்த தூளைத் தேடினேன். பரணிலிருந்து இறக்கிய மற்ற அச்சுகளோடு சேர்த்து டிராக்டரில் ஏற்றிப் போயிருந்தார்கள். எங்கே கொட்டினார்கள் என்று விசாரித்துப் போய்ப் பார்த்தேன். ஏதோ வீட்டு மனையில் பள்ளம் மூட நிரவியிருந்தது. மேலே செம்மண் போட்டு உருளை ஓட்டிவிட்டார்கள். ஒருவேளை தூள் கிடைத்திருந்தாலும் அதைச் சேர்த்து ஒரு மூக்கு வந்திருக்காது. எனக்கு அது தெரிந்தும் கொஞ்ச நேரம் காலால் கிளறிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நேராகச் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை.

“யாரு, அவரா ஒடைச்சாரு? நல்ல மனுஷனாச்சே.”

“நல்ல மனுஷன்தான். எனக்கு அதுதான் புடிக்கும்னு நெனச்சிட்டாரு.”

“பின்ன, புடிக்காதா ஒனக்கு? புதுச்சேரி வரைக்கும் கொண்டுபோயி மாட்டனயே.”

  நான் அந்த முகங்களை உடைக்கவில்லை, உடைத்ததைப் பொறுக்கினேன், அவ்வளவுதான் என்று பல இடங்களில் பேசியிருக்கிறேன். பொறுக்குகிறவன் ஒருவன் நிரந்தரமாக நின்றுகொண்டிருந்தால் அவனுக்காகவும் உடைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பொம்மை எங்காவது இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தெரிந்த வீடுகளின் ஷோகேசையெல்லாம் எட்டிப் பார்த்தேன். மங்கலம்பேட்டையில் ஒரு வளையல் கடையில் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் வளைகுடாவில் இருந்து வந்து கடை வைத்தவர்; பொம்மை அவருடைய அம்மா வாங்கியதாம். கையில் கொடுத்தார். பின்னல், குடம், சரிதான். முகம் உபயோகித்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. ஊற்றி ஊற்றித் தேய்ந்த அச்சில் கடைசியாக ஊற்றிய பொம்மை. அதன்மேல் யாரோ கறுப்பு பெயிண்டில் இரண்டு கண் எழுதியிருந்தார்கள். வாங்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

அந்த அச்சு கொட்டாயில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. கண்காட்சி அம்மா போனில் கூப்பிட்டு, புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். முதல் அச்சு ஒன்று கிடைத்ததையும் அதை உடைத்துவிட்டதையும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. “அதைப் பதிவு பண்ணாம விட்டுடாதீங்க. இதுவரைக்கும் பண்ணினதுலயே அதுதான் முக்கியமானதா இருக்கும்” என்றார். போனை அணைத்துவிட்டு வெளியே போனேன். லாரி ஷெட்டில் போய் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகிறது என்று விசாரித்தேன். ஒன்று சேலம், ஒன்று ஓசூர். ஏறியிருப்பேன். அக்காவின் கூழ் ஊறிக்கொண்டிருக்கிறது என்ற ஞாபகம் வந்தது, திரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து கொட்டாயில் நின்றாள். கூழ் புளித்த நாற்றம் அடிக்க ஆரம்பித்திருந்தது.

“போடு” என்றாள்.

“எத?”

“என்னுத. இருக்கற வரைக்கும் போடு.”

மை தேய்த்தேன். அவள் சொன்னபடி கொஞ்சமாக. நல்ல மண் கலந்த கூழை விரல் விரலாக வைத்து அழுத்தினேன். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். காற்றுக் குமிழி என்று ஒரு இடத்தைக் காட்டினாள், அமுக்கினேன். சாதாரணமாக நன்றாகக் காயும் வரை உரிக்கமாட்டேன். அவள் காத்திருக்கவில்லை. பிளாஸ்டர் தண்ணீரை இழுத்து, கூழ் மெதுவாகச் சுருங்கி விளிம்பில் விட்டதும், “எடு, பாக்கலாம்” என்றாள். எடுத்துப் பலகையில் மல்லாத்தினேன்.

நான் செய்ததிலேயே மிக நன்றாக வந்தது அதுதான். இதைச் சொல்லத்தான் கசப்பாக இருக்கிறது. மற்றவையெல்லாம் தேய்ந்த அச்சுகள். இது தேயாதது. பின்னலின் ஒவ்வொரு முடிச்சும், குடத்தின் கழுத்தில் சுற்றிய விரல்களும், ஒரு காதும் அந்தக் காதில் சின்னத் தோடும் உயிரோடு நின்றன. மேலே, ஈரமாக, கறுப்பாக, ஒரு முஷ்டி அளவு புடைப்பு.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது” என்றாள். “எப்பவும் போலத்தான் இருக்குது.”

பிறகு வலது கையைத் தண்ணீரில் நனைத்தாள். கம்பெனி மேசையில் செய்வது மாதிரியே கட்டை விரலைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புடைப்பின் மேல் வைத்தாள். கூழ் இன்னும் இளகலாக இருந்தது. மண் நிறைய சேர்ந்ததால் விரல் சொன்னபடி கேட்டது. நெற்றி எங்கே என்று தடவி ஒரு மேடு ஏற்றினாள். அதன் கீழே இரண்டு பக்கமும் கண்ணுக்குக் குழி அழுத்தினாள். அவ்வளவு நறுவிசாக, அவ்வளவு வேகமாக. மூக்குக்கு நடுவில் கொஞ்சம் கூழைக் கிள்ளி நிறுத்தினாள்.  வந்துவிடும் என்று நினைத்தேன்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. மூக்கைக் கொஞ்சம் நீட்டினாள், குறைத்தாள். மறுபடி நீட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எம் மூக்கு எப்படிடா இருந்திச்சி?”

அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது நான் கைக்குழந்தை, கல்யாணமாகிப் போனபோதும் சின்னப் பிள்ளை. நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்த பிறகு இருந்த அக்கா. “இப்ப இருக்கற மாதிரிதான் இருந்திருக்கும்” என்றேன்.

“இப்ப இருக்கறது ஒடைஞ்ச மூக்குடா” என்றாள். யார் உடைத்தது என்று அவள் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்குத் தெரியும்.

நிறுத்திய மூக்கை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கினாள். கண் குழிகளையும் மூடினாள். முதலில் இருந்தது மாதிரியே ஒரு மேடு ஆனது, சுத்தியின் சொரசொரப்பு மட்டும் போய் வழவழப்பாக இருந்தது. தூக்கில் மிச்சமிருந்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு சோறு வடிக்கப் போனாள்.

அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. கண்காட்சி அம்மா இரண்டு முறை கேட்டார், சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தொழிற்பேட்டைப் பக்கம் அச்சு பொறுக்கப் போகவில்லை. பெரியவர் மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புகிறார், எனக்காக இன்னும் சிலவற்றைத் தட்டி எடுத்து வைத்திருக்கிறாராம்.